பயனர் இடைமுக (யூஐ) நூலகத்தில் ‘கு’ உடைந்தால்: திறமூலத்தில் ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பு

பயனர் பெயர் ‘குமரன்’. பக்கத்து வட்டத்தில், அதாவது அவதாரில், ‘க’. கோமதிக்கும் ‘க’, கௌரிக்கும் ‘க’. நாட்காட்டியைத் திறந்தால் வாரத் தலைப்பு ஞ, த, ச, ப, வ, வ, ச என்று நிற்கிறது. செவ்வாய் எது, சனி எது என்று இடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தேடல் பெட்டியில் ‘க’ என்று அடித்தால் பட்டியலில் ‘கொழும்பு’வுக்குள் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கிறது. தன்னார்வலர்கள் பராமரிக்கும் ரியாக்ட் காம்பொனென்ட் நூலகங்களில் (பட்டன், பட்டியல் போன்ற இணையப்பக்கப் பாகங்களின் தொகுப்புகளில்) இவை புதிதல்ல. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று: எழுத்தை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணும் விதம்.

இதைச் சரிசெய்யும் நிரல் மொத்தமே சில பத்து வரிகள். உழைப்பு போவது வேறிடத்தில். தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஒரு மெயின்டெய்னர் (நூலகத்தைப் பராமரிப்பவர்), சம்பளமில்லாமல், வேலை நேரம் போக மிஞ்சிய அரை மணியில், யாரையும் கேட்காமல் தானே சரிபார்த்து மெர்ஜ் செய்ய (மூல நிரலில் சேர்க்க) வேண்டும். அதற்கேற்றபடி மாற்றத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் முக்கால் வேலை. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒருவரை மனதில் வைத்தே.

முதலில் எண்ணிப் பாருங்கள்

‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல்லை விரல்விட்டு எண்ணினால் ச, ம, ர், ப், பி, க், க, வு, ம் என 9 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும். யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் 45 பைட். மூன்று எண்ணும் சரிதான். மூன்றும் வெவ்வேறு பொருட்களை எண்ணுகின்றன: கண்ணுக்குத் தெரியும் எழுத்து (கிராஃபீம்), பதினாறு பிட் அலகு, பைட். ‘கு’ என்பது 2965, 3009 என்ற இரண்டு கோட் பாயின்ட்கள் (யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்கள்). நூலகம் பெயரின் முதல் இடத்தை மட்டும் வெட்டினால் 2965 மட்டும் வரும், அதாவது ‘க’.

இங்கே ஒரு பொறி. எமோஜி உடைவதைப் பார்த்த யாரோ ஏற்கெனவே முப்புள்ளி ஸ்ப்ரெட் கொண்டு சரத்தைப் பிரித்து ‘சரிசெய்து’ வைத்திருப்பார்கள். அது கோட் பாயின்ட் வாரியாகப் பிரிக்கும். சாதாரண எமோஜிக்குப் போதும், ‘கு’வுக்குப் போதாது, உயிர்க்குறி தனியே கழன்றுவிடும். ‘இதை முன்பே சரிசெய்துவிட்டோமே’ என்ற பதில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். ‘கொ’வை 2965, 3018 என்றும் எழுதலாம்; 2965, 3014, 3006 என்றும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும். ஆனால் ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்து அடித்த உரையை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. அது எழுத்துப்பிழை. நூலகத்துக்குள் அதைத் தீர்க்கப் போகாதீர்கள்.

இஷ்யூ எழுதுவது

‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்ற தலைப்பில் திறக்கும் இஷ்யூ (பிழை அறிக்கை) அப்படியே தூங்கும். படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. முதலில் பழைய இஷ்யூக்களில் எமோஜி, கிராஃபீம், சரகேட் என்ற சொற்களைத் தேடுங்கள். பெயரில் எமோஜி வைத்தால் அவதார் உடைகிறது என்று யாராவது எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.

எமோஜியை முன்னால் வைப்பதில் தந்திரம் இருக்கிறது. இந்தியக் கொடி எமோஜி 2 கோட் பாயின்ட், 4 பதினாறு பிட் அலகு. அப்பா, அம்மா, மகள் கொண்ட குடும்ப எமோஜி 5 கோட் பாயின்ட், 8 அலகு. முதல் அலகை மட்டும் வெட்டினால் திரையில் உடைந்த கட்டம் தெரியும். அதை எந்த மொழிக்காரரும் தன் கண்ணால் பார்க்கலாம். இதை ஓர் அட்டவணையின் முதல் வரியாக வைத்து, அடுத்த வரியாக ‘குமரன்’ வையுங்கள். நான்கு நெடுவரிசை போதும்: உள்ளீடு, வர வேண்டியது, வருவது, கோட் பாயின்ட் எண்கள். தமிழ் தெரியாதவர் 2965, 3009 என்ற எண்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்வார். கூடவே, ஒரு காம்பொனென்ட் மட்டும் இருக்கும் சிறிய மாதிரி. உங்கள் முழுச் செயலியின் இணைப்பு வேண்டாம்.

முடிவில் ஒரு கேள்வி: ‘எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டாகத் தரவா, காம்பொனென்ட்டுக்கு ஒன்றாகவா?’ (புல் ரிக்வெஸ்ட் என்பது உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோருவது.) பதில் வரும்வரை நிரல் எழுதாமல் இருப்பது நல்லது. பங்களிப்பு விதிகளில் ஒப்புதல் கையொப்பம் கேட்டிருந்தால் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்த மாற்றத்திலும்) அந்த வரி வேண்டும். கடைசியில் சேர்க்கப் போனால் வரலாற்றையே திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

சூழலைத் தயார் செய்தல்

ஃபோர்க் (மூல நிரலின் நகல்) எடுங்கள், சொந்தக் கணக்கில். நிறுவனக் கணக்கின் கீழ் இருக்கும் ஃபோர்க்கில் ‘மெயின்டெய்னர் திருத்தலாம்’ என்ற அனுமதியைக் கிட்ஹப் தருவதில்லை. ஒரு காற்புள்ளியைத் திருத்தக்கூட அவர் உங்களைக் காத்திருக்க வேண்டிவரும். ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) குறித்திருக்கும் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி) பதிப்பையே போடுங்கள். பொதிகளை நிறுவும்போது லாக்ஃபைலை (பொதிகளின் துல்லியப் பதிப்புப் பட்டியலை) உறையவைக்கும் விருப்பத்தோடு நிறுவுங்கள். இல்லையென்றால் பத்து வரி மாற்றத்தோடு ஆயிரக்கணக்கான லாக்ஃபைல் வரிகளும் ஏறி வரும், ரிவ்யூ செய்பவர் முதல் பார்வையிலேயே தாவலை மூடிவிடுவார். விண்டோஸில் வரிமுடிவு அமைப்பையும் பாருங்கள். தவறினால் கோப்பு முழுக்க மாறியதாகக் காட்டும். எடிட்டரின் சொந்த ஃபார்மாட்டரை அணைத்துவிட்டு ரெப்போவில் உள்ள ப்ரெட்டியரை மட்டும் ஓட்டுங்கள்.

துணைச் செயற்கூறு

எல்லாக் காம்பொனென்ட்டும் பயன்படுத்த ஒரே ஒரு சிறு கோப்பு: சரத்தை எழுத்துகளாகப் பிரிப்பது, முதல் எழுத்தைத் தருவது. உள்ளே ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டல் செக்மென்ட்டர், கிராஃபீம் அளவில். குரோமில் 87ஆம் பதிப்பிலிருந்து, சஃபாரியில் 14.1இலிருந்து, நோடில் 16இலிருந்து இருக்கிறது. ஃபயர்பாக்ஸ்தான் தாமதம், 2024இல் 125ஆம் பதிப்பில் வந்தது. செக்மென்ட்டரை ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாக உருவாக்காதீர்கள், செலவு அதிகம். மாட்யூல் அளவில் ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதல் அழைப்பின்போதுதான். இறக்குமதியின்போதே உருவாக்கினால் பழைய பிரவுசரில் நூலகம் முழுவதும் விழும்.

பாலிஃபில் (பழைய பிரவுசரில் இல்லாத வசதியை ஈடுசெய்யும் நிரல்) சேர்க்க வேண்டாம். பொதியின் எடையைக் கண்காணிக்கும் சோதனை உடனே சிவப்பாகும், விவாதமும் திசைமாறும். மாற்று வழியாக ஒரு ரெகெக்ஸ் (உரையில் பொருத்தம் தேடும் விதி) போதும்: குறி வகையில் சேராத ஒரு கோட் பாயின்ட், அதன் பின்னால் தொடரும் குறிகள் அத்தனையும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் குறி வகையில்தான் இருக்கின்றன. ஆகவே தமிழுக்கு இரண்டு வழியும் ஒரே விடை தரும். குடும்ப எமோஜிக்குத் தராது. சர்வர் ஒரு வழியிலும் பிரவுசர் இன்னொரு வழியிலும் போனால் ஹைட்ரேஷன் எச்சரிக்கை (இரண்டு வெளியீடும் பொருந்தவில்லை என்ற ரியாக்ட் எச்சரிக்கை) வரும் என்பதை விளக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ரிவ்யூவில் எப்படியும் கேட்பார்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் செக்மென்ட்டரின் வகைகள் 2022 பதிப்பு இன்டல் நூலகத்தில் உள்ளன. பொதியின் அமைப்பு அதற்குக் கீழே இருந்தால் நிரல் தொகுப்பு (பில்ட்) உடையும்.

அவதார்

முதல் எழுத்தை எடுக்கும் வரியைத் துணைச் செயற்கூறுக்கு மாற்றினால் ‘கு’ வந்துவிடும். ஆனால் ‘ஸ்ரீதேவி’க்கு ‘ஸ்’ வரும். ‘க்ஷ’வும் க், ஷ என்று பிரியும். 2023இல் யூனிகோடு 15.1 கூட்டெழுத்துகளை உடைக்காதிருக்க ஒரு விதியைச் சேர்த்தது. அது தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளத்துக்கு. தமிழ் அதில் இல்லை. இல்லாததும் சரியே: நம் எழுத்தில் புள்ளி வெளிப்படையாக நிற்கிறது, ‘க்க’ இரண்டு எழுத்தாகத்தான் எண்ணப்படுகிறது. ஸ்ரீயும் க்ஷவும் மட்டுமே விலக்கு. ஸ்ரீயைத் தொடங்கும் ‘ஸ்’, 3000 ஆகவும் இருக்கலாம், ‘ஶ்’ எனும் 2998 ஆகவும் இருக்கலாம். இரண்டும் புழக்கத்தில் உண்டு. இந்த விலக்கை முதல் புல் ரிக்வெஸ்ட்டில் நுழைக்காதீர்கள். ஒரு மொழிக்கென்று தனி விதி என்றதும் ‘மற்ற மொழிகளுக்கு?’ என்ற கேள்வி எழும், அடிப்படைத் திருத்தமும் சேர்ந்து தேங்கிவிடும்.

வட்டத்தில் எத்தனை எழுத்து என்பதும் பிரச்சினைதான். ஆங்கிலத்துக்கு இரண்டு முதலெழுத்து 40 பிக்சல் வட்டத்தில் அழகாக உட்காரும். ‘ணொ’, ‘ஞௌ’ ஒன்றே வட்டத்தை நிரப்பிவிடும். அத்துடன் ‘க. குமரன்’ என்ற பெயரில் முன்னால் நிற்பது தலைப்பெழுத்து. வட்டத்தில் வர வேண்டியது ‘கு’. இதை நூலகம் ஊகிக்க முயல்வது வீண். முதலெழுத்தை வரவழைக்கும் செயற்கூறைப் நூலகத்தைப் பயன்படுத்துபவரே கொடுக்க ஒரு ப்ராப் (காம்பொனென்ட்டுக்குத் தரும் அமைப்பு) திறந்துவிட்டால் போதும். ஸ்ரீ சிக்கலும் அதிலேயே தீரும்.

நாட்காட்டி

இங்கே பிரிக்கவே வேண்டியதில்லை. நாளின் பெயரை வெட்டும் வரியை நீக்கிவிட்டு, இன்டல் தேதி வடிவமைப்பில் கிழமையை மிகக் குறுகிய (‘நேரோ’) வடிவில் கேளுங்கள். ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று யூனிகோடின் வட்டாரத் தரவிலிருந்தே வரும். திரைவாசிப்பான்களுக்கு முழுப்பெயரைத் தனி லேபிளாக வையுங்கள். ‘வெ’ என்று மட்டும் வாசித்தால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. மொழிக்குறி மட்டும் கொடுத்தால் வாரத்தின் முதல் நாள் தவறலாம்: இந்தியாவுக்கு ஞாயிறு, இலங்கைக்குத் திங்கள். நாட்டுக்குறியும் சேர வேண்டும்.

தேடல் பட்டியல்

எல்லாவற்றிலும் கடினமானது இது. தேடலும் தனித்துக்காட்டலும் இரண்டு வேலை, அவற்றுக்கு இரண்டு அளவு வேண்டும். ‘க’ அடித்தவுடன் ‘கொழும்பு’ பட்டியலில் நிற்க வேண்டும், ஏனென்றால் பயனர் இன்னும் ‘கொ’வை அடித்து முடிக்கவில்லை. ஆகவே வடிகட்டுவது கோட் பாயின்ட் அளவில். ஆனால் தடித்துக் காட்டும் டேக்கை ‘க’வுக்கும் உயிர்க்குறிக்கும் நடுவே மூடினால், எழுத்தின் எடை மாறும் இடத்தில் பிரவுசர் இரண்டையும் தனித்தனியாக வரைகிறது, அநாதையான குறிக்குப் புள்ளி வட்டம் போடுகிறது. ஆகவே தனித்துக்காட்டுவது முழு எழுத்து அளவில். பொருத்தத்தின் தொடக்கத்தைப் பின்னோக்கியும் முடிவை முன்னோக்கியும் அருகிலுள்ள எழுத்து எல்லைவரை நீட்டுங்கள்.

ஒப்பிடும் முன் இரு பக்கமும் என்எஃப்சி. இதில் ஒரு குழி உண்டு: இயல்பாக்கிய சரத்தில் கிடைத்த இடஎண்ணை மூலச் சரத்தில் வைத்தால் தள்ளிப்போகும், 3 கோட் பாயின்ட் 2 ஆகச் சுருங்கியிருக்குமே. லேபிளையே இயல்பாக்கி அதையே காட்டுவது எளிது. வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இணைப்பு நீக்கி, எண் 8204, வரலாம். தேடல் சாவியிலிருந்து மட்டும் அதை எடுங்கள், காட்டும் உரையில் கை வைக்காதீர்கள்.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘கொ’ வருமுன் ‘க்’ வந்துபோகும். அந்தக் கணத்தில் ‘க்’ என்று தேடினால் ‘கொழும்பு’ பொருந்தாது, ‘முடிவு இல்லை’ என்று பட்டியல் மின்னி மறையும். உள்ளீடு கோக்கும் நிலையில் (எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையில்) இருக்கும்வரை வடிகட்டாமல் இருங்கள். அந்த நிலையே இல்லாமல் நேரடியாக எழுத்தை மாற்றும் கருவிகளும் உண்டு. அவற்றுக்குத் தேடுசொல்லின் கடைசிப் புள்ளியைக் கழற்றிவிட்டுத் தேடலாம். அதையும் பயனர் தரும் வடிகட்டிக்கு விட்டுவிடுவதே மேல்.

என்டர் விசை தனிக் கதை. சொல்லைத் தேர்ந்தெடுக்க அழுத்திய என்டர், பட்டியலின் முதல் உருப்படியையும் தேர்ந்துவிடும். கோக்கும் நிலையைக் கேட்டுத் தடுக்கலாம், ஆனால் சஃபாரியில் கோத்து முடிந்த நிகழ்வு முதலிலும் விசை நிகழ்வு பின்னாலும் வருவதால் அந்தச் சோதனை பொய்யாகும். விசையெண் 229ஆ என்றும் கூடவே பார்க்க வேண்டும். அந்தப் பண்பு காலாவதியானது என்று லின்ட் (நிரல் தரம் பார்க்கும் கருவி) கத்தும். ஒரு வரி விளக்கத்தோடு அதை அடக்குங்கள். விளக்கம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொரு தன்னார்வலர் ‘சுத்தம்’ செய்துவிடுவார். சீன, ஜப்பானியப் பயனர்களுக்கும் இதே வலி என்பதால், எல்லாவற்றிலும் சீக்கிரம் மெர்ஜ் ஆகக்கூடியதும் இதுதான்.

பின்நகர் விசையை (பேக்ஸ்பேஸ்) தொடாதீர்கள். ‘கு’வில் அதை அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் போய் ‘க’ நிற்பது பிழையல்ல; தமிழில் அடிப்பவர்கள் அதை நம்பியே திருத்துகிறார்கள்.

எழுத்து எண்ணி

உரைப்பெட்டியின் கீழே வரும் ‘15/100’ஐ ‘9/100’ ஆக்குவது நியாயமாகத் தோன்றும். ஆனால் எச்டிஎம்எல்லின் உச்சநீளப் பண்பு பதினாறு பிட் அலகுகளைத்தான் எண்ணும். எண்ணியை மட்டும் மாற்றினால், ‘60/100’ என்று காட்டிக்கொண்டே தட்டச்சு நின்றுபோகும். அந்தப் பக்கம் தரவுத்தளம் வேறொரு கணக்கில் இருக்கும், குறுஞ்செய்தி அனுப்பும் செயலியென்றால் ஒரு செய்திக்கு 70 அலகு என்ற கட்டுப்பாடு இருக்கும். ஆகவே இயல்புநிலையை மாற்றக் கேட்காதீர்கள். எண்ணும் முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு ப்ராப். எழுத்து முறையைத் தேர்ந்தால் உச்சநீளப் பண்பு உறுப்பில் போடப்படாது, வரம்பு மீறினால் வெட்டாமல் செல்லாத உள்ளீடு என்று குறிக்கும். அடிக்கும்போதே வெட்டினால் பாதி எழுத்து மிஞ்சும், கோக்கும் நிலையும் குலையும். இப்படிக் கேட்டால் இது புதிய வசதி, மைனர் பதிப்பு. இயல்புநிலையை மாற்றினால் மேஜர், அதாவது பழைய பயன்பாட்டை உடைக்கக்கூடிய பெரிய பதிப்பு. அடுத்த மேஜர் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

வெட்டுப்படும் கொம்பு

சிப் (சிறு குறிச்சொல் பெட்டி), டேக், பட்டன்களில் வரி உயரம் 1, நிலையான உயரம் 24 பிக்சல், மிகுதியை மறை என்ற மூன்றும் சேர்ந்தால் ‘கீ’யின் மேல் சுழியும் ‘கூ’வின் கீழ் வாலும் வெட்டுப்படும். உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாக மாற்றி, வரி உயரத்தை 1.5க்குக் கொண்டுவந்தால் சரியாகும். ஆனால் நூலகம் முழுக்க இதைச் செய்தால் படச் சோதனைகளின் அடிப்படைப் படங்கள் நூற்றுக்கணக்கில் மாறும். அத்தனையையும் ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்ப வேண்டும். சிப்பில் தொடங்குங்கள். தமிழ் மொழிக்குறி உள்ள பக்கத்துக்கு மட்டும் பாணி எழுதுவது எளிது, ஆனால் ஆங்கிலப் பக்கத்தில் வரும் தமிழ்ப் பெயருக்கு அது உதவாது.

சோதனைகள்

துணைச் செயற்கூறுக்கு வைடெஸ்ட் (நிரல் சோதனைக் கருவி) போதும். வெட்டுப்படுவதைச் சோதிக்க ஜேஎஸ்டாம் (பிரவுசரைப் போலச் செய்யும் நூலகம்) உதவாது, அதற்குப் பக்க அமைப்பே கிடையாது. உண்மையான பிரவுசரை இயக்கும் பிளேரைட் படம் எடுக்க வேண்டும். தானியங்கிச் சோதனை ஓடும் லினக்ஸ் கன்டெய்னரில் தமிழ் எழுத்துரு இல்லாமல் போகலாம். அப்போது வெறும் கட்டங்களைப் படமெடுத்து, அடுத்த முறை அதே கட்டங்களோடு ஒப்பிட்டு, பச்சை விளக்குப் போட்டுவிடும். தமிழ் படிக்கத் தெரியாத ரிவ்யூவருக்குக் கட்டங்களும் கொம்புகளும் ஒன்றுதான், ஆகவே இதை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சோதனைக் கோப்புறையில் வைத்து ஏற்றுங்கள். அதன் திறந்த எழுத்துரு உரிமம் இதற்கு இடம் தருகிறது, உரிமக் கோப்பையும் பக்கத்தில் வையுங்கள். எழுத்துரு ஏறி முடியும்வரை காத்திருந்து படமெடுங்கள். அடிப்படைப் படத்தை மேக்கில் எடுக்காதீர்கள்; பிளேரைட் கோப்புப் பெயரில் இயங்குதளத்தைச் சேர்க்கும், லினக்ஸில் அது ஒப்பிடப்படாது.

புல் ரிக்வெஸ்ட்

வரிசை முக்கியம்: முதலில் துணைச் செயற்கூறும் அவதாரும், பிறகு என்டர், பிறகு நாட்காட்டி, பிறகு தனித்துக்காட்டல், கடைசியாக எண்ணி. முதல் கமிட்டில் தோற்கும் சோதனை மட்டும், இரண்டாவதில் திருத்தம். ரிவ்யூவர் முதல் கமிட்டை மட்டும் எடுத்து ஓட்டிச் சிவப்பைத் தானே பார்க்கலாம். மொழி அறிவு தேவையில்லை. முன், பின் படங்களில் உடைந்த இடத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுங்கள். சோதனைப் பெயர்களை ‘தமிழ்’ என்று வைக்காமல் ‘மெய்யும் உயிர்க்குறியும் பிரியக் கூடாது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வையுங்கள். ரெப்போ சேஞ்ச்செட்ஸ் (மாற்றக் குறிப்புகளைச் சேகரிக்கும் கருவி) பயன்படுத்தினால் அந்தச் சிறு கோப்பை மறக்க வேண்டாம், அது இல்லாமல் வெளியீட்டுக் குறிப்பில் ஏறாது.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதற்குள் மெயின் பிராஞ்ச் நகர்ந்திருந்தால் ரீபேஸ் செய்யுங்கள் (உங்கள் மாற்றத்தைப் புதிய நிலையின் மேல் வையுங்கள்); ஆனால் ரிவ்யூ தொடங்கிய பிறகு வரலாற்றைத் திரும்ப எழுதாதீர்கள், அவர் எதுவரை பார்த்தார் என்ற குறி தொலைந்துபோகும். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் ரெப்போவில் எப்படியும் எல்லாம் ஒரே கமிட்டாகிவிடும்.

மெர்ஜுக்குக் காத்திருக்கும் காலத்தில் உங்கள் செயலியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. பிஎன்பிஎம் என்ற பொதி மேலாளரின் பேட்ச் வசதியால் அதே திருத்தத்தை உள்ளூரில் ஒட்டிக்கொண்டு, பேட்ச் கோப்பின் கமிட் செய்தியில் புல் ரிக்வெஸ்ட் எண்ணை எழுதி வையுங்கள். புதிய பதிப்பு வந்ததும் பேட்ச்சை நீக்கிவிட்டு ‘குமரன்’, ‘கொழும்பு’, ‘ஸ்ரீதேவி’ மூன்றையும் ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.